ஜப்பான் தேசத்து முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸ்

மானிட ஜன்மம் எடுத்தோர் எவர்க்கும் முதுமை தப்பாது. முதுமையோடு கூடி வரும் துன்பங்கள் இரண்டு. ஒன்று, கைகால் தளர்ந்து, பிறர் உதவியின்றி எழவும் உண்ணவும் இயலாத நிலை. மற்றொன்று, உழைக்கும் வலிமை குன்றியதனால் உண்டாகும் பொருட்குறை. இவ்விரண்டும் தனித்தனியே வரின் ஒருவாறு தாங்கலாம். இரண்டும் ஒருங்கே ஒரு வீட்டிற் புகுமாயின், அவ்வீட்டார் படும் பாடு சொல்லுந்தரமன்று. நோய் என்றால் சில நாளில் தீரும். அல்லது ஆயுள் தீரும். முதுமைத் தளர்ச்சியோ ஐந்து ஆண்டும் பத்து ஆண்டும் நீடிக்கும். அத்தனை ஆண்டும் ஒருவர் அருகிருந்து பணிவிடை செய்தல் வேண்டும். அப்பணிவிடையைச் செய்வார் யார்? அதற்காகும் செலவைக் கொடுப்பார் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற தேசங்களுள் ஜப்பான் முக்கியமானது. அத்தேசத்தார் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் முதியோர் பராமரிப்புக்கென்றே ஒரு பொது இன்ஷூரன்ஸ் திட்டத்தை நடத்தி வருகின்றனர். 'கைகோ ஹோக்கன்' என்பது அதன் பெயர். அது தோன்றிய வரலாற்றையும், அதனால் முதியோர் வறுமை எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு தீராது நின்றது என்பதனையும் நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமென எண்ணி, இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

பழங்கதை

ஜப்பானில் 'உபாஸுதே' என்றொரு பழங்கதை வழங்கி வருகின்றது. வறுமை மிகுந்த மலைநாட்டுக் கிராமமொன்றில், உண்ணும் வாயைக் குறைத்தற்பொருட்டு, முதிர்ந்த தாயை மகனே முதுகிற் சுமந்து சென்று மலையில் விட்டு வரப் புறப்பட்டான். போகும் வழியெல்லாம் அம்மூதாட்டி மரக்கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே சென்றாள். காரணம் என்னவென மகன் வினவ, அவன் திரும்பிப் போகையில் வழி தவறாதிருத்தற்பொருட்டே அவ்வாறு செய்ததாக அவள் விடை கூறினாள். அது கேட்ட மகன் மனங்கசிந்து தாயை வீட்டிற்கே மீட்டுக்கொண்டு வந்தான் என்று கதையை முடிப்பாரும் உளர். இவ்வாறு முதியோரைக் கைவிடுதல் உண்மையில் ஒரு வழக்கமாக இருந்தது என்பதற்குத் தக்க சரித்திரச் சான்று இல்லை. எனினும் நாகானோ மாகாணத்தில் அப்பெயர் பூண்ட மலையொன்று உளது. 1956ஆம் ஆண்டில் புக்காசாவா ஷிச்சிரோ என்னும் ஆசிரியர் இப்பொருளை வைத்து நாராயாமா என்னும் மலையின் பெயரால் ஒரு கதை எழுதினார். அக்கதை இரண்டு முறை சினிமாப் படமாக வெளிவந்து உலகெங்கும் புகழ் பெற்றது. நடந்ததோ இல்லையோ, ஒரு சமூகம் இக்கதையை மறவாமல் பேணி வந்ததன் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. வறுமையானது தாய்க்கும் மகனுக்கும் நடுவில் வந்து நிற்குமாயின் அன்பு மாத்திரம் போதுமா என்னும் அச்சமே அக்கதையின் உயிராகும்.

குடும்பமும் சட்டமும்

மெய்ஜி சக்கரவர்த்தி காலத்து 1898ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், குடும்பத்தை ஒரு தலைவனுக்குக் கீழ்ப்பட்டதாக அமைத்தது. மூத்த குமாரன் குடும்பத் தலைமையையும் சொத்தையும் அடைந்தான். பெற்றோரைக் காக்கும் கடமையும் அவனையே சார்ந்தது. ஒருவன் தாங்கவேண்டியவர் பலராயிருந்து பொருள் போதாதிருப்பின், தன் மனைவி மக்களுக்கு முன்னதாகப் பெற்றோரையே தாங்கவேண்டும் என்று அச்சட்டம் வரிசை வகுத்தது. யுத்தத்திற்குப் பின் 1947ஆம் ஆண்டில் அக்குடும்பத் தலைமை முறை ஒழிந்தது. மக்கள் அனைவர்க்கும் சொத்தில் சமபாகம் ஏற்பட்டது. ஆயினும் பெற்றோரும் மக்களும், உடன்பிறந்தோரும் ஒருவரையொருவர் ஆதரிக்கவேண்டும் என்னும் விதி புதிய சட்டத்திலும் நிலைத்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். மாமனார் மாமியாரைக் காக்கும் கடமையைச் சட்டம் மருமகள் மீது சாதாரணமாகச் சுமத்தவில்லை. விசேஷ காரணம் இருப்பின் குடும்ப நீதிமன்றம் கட்டளையிடலாம் என்ற அளவே விதித்தது. வழக்கமோ முழுப் பாரத்தையும் அவள் தலைமேலேயே வைத்தது. மூத்த மகனுடைய மனைவியே மாமியாரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இரவில் விழித்திருந்தாள். மாமனார் இறந்தபின் சொத்தில் மகனுக்குப் பங்குண்டு, மகளுக்கும் பங்குண்டு. பணிவிடை செய்த மருமகளுக்கு ஒன்றுமில்லை. இவ்வநீதியைச் சிறிது நீக்கும்பொருட்டு, அவ்வாறு உழைத்த உறவினர் வாரிசுகளிடம் பொருள் கேட்கலாம் என்னும் விதி 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான் அமலுக்கு வந்தது.

தருமமாக அளித்த உதவி

இனி, காப்பார் இல்லாத முதியோரின் கதியை ஆராய்வோம். 1874ஆம் ஆண்டில் ஜப்பான் சர்க்கார் ஏழை உதவி விதிகளை வெளியிட்டனர். ஏழைகளைக் காத்தல் ஜனங்கள் தம்முள் கொண்ட பரஸ்பர அன்பினாலேயே நடைபெறவேண்டியது என்பது அவ்விதிகளின் தலைமையான கொள்கை. உற்றார் எவருமின்றித் தள்ளாமையுற்ற எழுபது வயதினருக்கு மாத்திரம் ஆண்டொன்றுக்கு 1 கொக்கு 8 தோ அரிசிக்குரிய உதவி கிடைத்தது. ஒரு கொக்கு என்பது ஏறக்குறைய 150 கிலோ எடையுள்ளது. உறவினன் ஒருவன் இருப்பினும் சர்க்கார் கதவு திறவாது.

1929ஆம் ஆண்டில் புதியதொரு சட்டம் பிறந்தது. வயது 65 ஆகக் குறைந்தது. ஆயினும் பணமில்லையென்று 1932ஆம் ஆண்டு வரையில் அதனை அமலுக்குக் கொண்டு வந்தாரில்லை. அன்றியும், 1925ஆம் ஆண்டில் ஆடவர் அனைவர்க்கும் வோட்டுரிமை அளித்தபோது, வறுமையால் பிறர் உதவி பெற்று வாழ்வோரை அவ்வுரிமையினின்றும் விலக்கினர். அரிசி வாங்கிய கை வோட்டுப் போடலாகாது என்பதே இதன் பொருள். உதவி பெறுதல் வெட்கம் என்னும் எண்ணம் ஜனங்களின் நெஞ்சில் எவ்வாறு வேரூன்றியது என்பதை இதனால் அறியலாம். இவ்வெண்ணம் சட்டம் மாறியபின்னும் மாறாதிருந்தது.

புதிய அரசியல் சட்டத்தின் 25ஆம் விதி, ஆரோக்கியமும் நாகரிகமும் உள்ள குறைந்தபட்ச வாழ்க்கை ஒவ்வொருவர்க்கும் உரிமை என்று கூறிற்று. அதனையொட்டி 1950ஆம் ஆண்டில் ஜீவனோதவிச் சட்டம் செம்மை பெற்றது. 1961ஆம் ஆண்டில் வைத்திய இன்ஷூரன்ஸும் பென்ஷன் திட்டமும் தேச முழுவதற்கும் பரவின. 1963ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டத்தினால், எப்போதும் பணிவிடை வேண்டுவோர்க்கெனத் தனி விடுதிகள் தோன்றின. அவ்வாண்டில் நூறு வயது நிரம்பியோர் தேச முழுவதிலும் 153 பேரே. இக்காலத்தில் அவர் தொகை 90,000க்கும் மேற்பட்டது.

ஆனால் அவ்விடுதியில் யார் சேரலாம் என்பதை நகரசபை அதிகாரிகளே தீர்மானித்தனர். குடும்பத்தாரின் வருமானம் யாது, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கின்றனர் என்று விசாரித்து, அவர்கள் இடங்கொடுத்தால் உண்டு, இல்லையெனில் இல்லை. வீட்டு வேலைக்கு உதவும் பெண்மணிகளைச் சர்க்கார் அனுப்பியதும் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கே. 1982ஆம் ஆண்டிலேதான் ஏனையோரும் கட்டணம் கொடுத்து அவ்வுதவி பெறலாயினர். நடுத்தரக் குடும்பத்தினர் விடுதியைத் தருமசத்திரமாக எண்ணி நாணினர். 1973ஆம் ஆண்டு முதல் எழுபது வயது கடந்தோர்க்கு வைத்தியம் இலவசமாயிற்று. உடனே, வைத்தியம் வேண்டாதவரும் பராமரிப்பார் இன்மையால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்திருக்கலாயினர். விடுதியில் இருத்தல் வெட்கம். ஆஸ்பத்திரியில் இருத்தல் வெட்கமன்று. செலவோ ஆஸ்பத்திரியில் பன்மடங்கு. ஆகவே 1983ஆம் ஆண்டில் வைத்தியத்திற்குச் சிறு கட்டணம் மீண்டும் வந்தது.

மருமகளின் குரல்

1972ஆம் ஆண்டில் அரியோஷி சாவாகோ என்னும் பெண் ஆசிரியர் ஒரு நாவல் வெளியிட்டார். வெளியே உத்தியோகம் பார்க்கும் ஒரு மருமகள், அறிவு மயங்கிய மாமனாரைக் காக்கப் படும் அல்லலே அதன் கதை. அந்நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விலைபோயிற்று. அதுகாறும் ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகை, அந்நூலினால் வீதிக்கு வந்தது எனலாம். 1983ஆம் ஆண்டில் ஹிகுச்சி கெய்கோ முதலிய மாதர் ஒரு சங்கம் கண்டு, முதுமைக் காலத்தைச் செம்மைப்படுத்தப் பாடுபட்டனர். முதியோர் பராமரிப்பைச் சமுதாயம் முழுவதும் தாங்கவேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை.

சர்க்காருக்கும் வேறு வழியில்லாதிருந்தது. 1970ஆம் ஆண்டில் ஜனத்தொகையில் நூற்றுக்கு 7 பேராயிருந்த 65 வயதினர் 1994ஆம் ஆண்டில் 14 பேராயினர். 1989ஆம் ஆண்டில் நூற்றுக்கு 3 வீதம் விற்பனைப் பொருள்மீது புதிய வரி விதித்து, முதியோர் நலத்திற்காகப் பத்தாண்டுத் திட்டமொன்றை வகுத்தனர். 1,00,000 வீட்டுதவியாளரும், விடுதிகளில் 2,40,000 படுக்கைகளும் வேண்டுமென அது குறித்தது. ஐந்தாண்டு செல்லுமுன் அவ்வளவு போதாதெனக் கண்டு, அவற்றை முறையே 1,70,000 என்றும் 2,90,000 என்றும் உயர்த்தினர். இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? 1994ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரதம மந்திரி ஹோசோகாவா, நலவரி என்ற பெயரால் நூற்றுக்கு 7 வீதம் விதிக்க எண்ணி அறிக்கை விட்டார். எதிர்ப்பு மிகுந்தமையால் உடனே அதனைக் கைவிட நேர்ந்தது. வரியென்றால் ஜனங்கள் இசையார் என்பது தெளிவாயிற்று.

அவ்வாண்டிலேயே ஜெர்மனி தேசத்தார் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் இயற்றினர். அங்கும் விடுதியிற் சேர்ந்த முதியோரிற் பெரும்பாலோர், வாழ்நாளெல்லாம் உழைத்தும் இறுதியில் விடுதிக் கட்டணம் கட்டமாட்டாது ஏழை உதவியை நாடி நின்றனர். இருபதாண்டு விவாதத்திற்குப் பின், தொழில் மந்திரி நார்பர்ட் புளூம் முயற்சியால் 1995ஆம் ஆண்டு ஜனவரியில் அத்திட்டம் தொடங்கியது. முதலாளிமார் கொடுக்கும் பாகத்திற்கு ஈடாக, ஸாக்ஸனி நீங்கலாக ஏனைய மாகாணங்களெல்லாம் ஒரு பண்டிகை விடுமுறையையே விட்டுக்கொடுத்தன. ஜப்பான் அறிஞர் இதனை நன்கு கவனித்தனர். 'வரி கொடுக்க மறுப்போர், தமக்கு உரிமை தரும் சந்தாவைக் கொடுக்க மறுக்கமாட்டார்' என்பது அவர் கண்ட யுக்தி. 1997ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறிற்று.

திட்டத்தின் அமைப்பு

இத்திட்டத்தை நடத்துவோர் அந்தந்த ஊர் நகரசபையார். 40 வயது நிரம்பிய அனைவரும் சந்தா செலுத்துதல் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோர் சந்தா பெரும்பாலும் பென்ஷனிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படும். மொத்தச் செலவில் பாதி சந்தாவினாலும், பாதி வரிப்பணத்தினாலும் நடக்கின்றது. வரிப் பகுதியில் பெரும்பாலும் பாதியை மத்திய சர்க்காரும், மிகுதியை மாகாணமும் நகரசபையும் சமமாகவும் ஏற்கின்றன. தளர்ச்சியுற்றவர் விண்ணப்பம் செய்தால், உத்தியோகஸ்தர் வீட்டிற்கு வந்து, எழுதல், நடத்தல், உண்ணல், நினைவு முதலியவற்றைச் சோதிப்பர். அச்சோதனையையும் வைத்தியர் கருத்தையும் கொண்டு ஒரு குழுவினர் தளர்ச்சியின் தரத்தை நிர்ணயிப்பர். 2006ஆம் ஆண்டு முதல் இத்தரங்கள் ஏழு. ஒவ்வொரு தரத்திற்கும் மாத வரம்பு உண்டு. அவ்வரம்பிற்குள் வீட்டுதவி, பகல் விடுதி, தாதியர் வருகை முதலியவற்றைப் பெறலாம். பெறுபவர் பத்திலொரு பங்கு கொடுத்தால் போதும். வருமானம் மிகுந்தோர் 2015ஆம் ஆண்டு முதல் பத்தில் இரண்டும், 2018ஆம் ஆண்டு முதல் அவருள் சிலர் பத்தில் மூன்றும் கொடுக்கின்றனர்.

ஜெர்மனியில் வீட்டார் பணிவிடை செய்தால் அதற்கென ரொக்கப் பணம் கிடைக்கும். ஜப்பானிலோ அது கூடாதென்று மாதர் சங்கத்தினர் வாதாடினர். சிறிது பணத்தைக் கையில் வைத்துவிட்டு, 'இனி நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்' என்று மருமகளையே மீண்டும் கட்டிப்போடுவர் என்பது அவர்தம் அச்சம். அவ்வாதமே வென்றது. ஆகவே ஜப்பானில் பணம் தருவதில்லை, பணிவிடையே தருகின்றனர்.

திட்டம் தொடங்குமுன் 1999ஆம் ஆண்டில் ஆளுங் கட்சியின் முக்கியஸ்தராகிய காமெய் ஷிசுகா, பெற்றோரை மக்களே காக்கும் நல்வழக்கம் இதனாற் கெடும் என்று கூறித் தடை செய்ய முயன்றார். அதன் பயனாக 65 வயதினர்க்கு முதல் ஆறு மாதம் சந்தா முழுவதும் தள்ளுபடியாயிற்று. பின் ஓராண்டு பாதி வாங்கினர். ஆயினும் திட்டம் நில்லாது நடந்தது. 2000ஆம் ஆண்டில் சுமார் 21,80,000 பேர் தளர்ந்தோர் எனத் தரம் பெற்றனர். பிற்காலத்தில் அத்தொகை 70,00,000 அளவிற்கு உயர்ந்தது. தாம் கட்டிய சந்தாவிற்குரியதைக் கேட்கின்றோம், பிச்சை கேட்கவில்லை என்னும் மனத்திட்பம் முதியோர்க்கு உண்டாயிற்று. இதனைச் சிறிய பயனென்று எவரும் கூறார்.

தீராத வறுமை

நிற்க. இத்திட்டம் முதியோர் வறுமையைத் தீர்த்ததா என்பதே நாம் முக்கியமாக ஆராயவேண்டியது. நடுத்தரக் குடும்பத்தைத் திடீர் நாசத்தினின்றும் அது காத்தது உண்மை. விடுதிச் செலவு முழுவதையும் ஒரு குடும்பமே தாங்கவேண்டிய நிலை நீங்கிற்று. ஆயின் முன்னரே வறியராயினார் நிலை வேறு.

முதலாவது, சந்தாவின் ஏற்றம். தொடக்கத்தில் 65 வயதினர்க்குத் தேசச் சராசரி மாதம் 2,911 யென். 2024 முதல் 2026 வரையுள்ள மூன்றாண்டுக்கு அது 6,225 யென். வருமானத்திற்கேற்பக் குறைத்து வாங்குகின்றனர் என்பது மெய்யே. ஆனால் ஜப்பானில் அடிப்படைப் பென்ஷன் நாற்பதாண்டு முழுச் சந்தா கட்டியவர்க்கே 2024ஆம் ஆண்டில் மாதம் 68,000 யென் ஆக இருந்தது. சிறுகடை வைத்தோரும், குறைநேர வேலை செய்த மாதரும் அவ்வளவும் பெறுவதில்லை. இச்சிறு தொகையினின்றே சந்தா முன்னதாகப் பிடித்துக்கொள்ளப்படும். மிஞ்சியதில் வாடகையும் அரிசியும் மருந்தும் ஆகவேண்டும்.

இரண்டாவது, பத்திலொரு பங்கு. உடல் எவ்வளவு தளர்ந்ததோ அவ்வளவு உதவி பெறலாம் என்கின்றது சட்டம். முதியவளோ தன் பணப்பையை நோக்கியே கேட்கின்றாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டுதவி வேண்டியவள், பங்குத்தொகைக்கு அஞ்சி இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்கின்றாள். உரிமை ஏட்டில் நிறைய இருந்தும் வீட்டில் குறைகின்றது.

மூன்றாவது, விடுதிச் செலவு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விடுதியில் அறைக்கும் உணவுக்கும் ஆகும் செலவை முதியோரே கொடுக்கவேண்டும் என்று விதித்தனர். வறியோர்க்குச் சலுகை உண்டு. 2015ஆம் ஆண்டு முதல், தனித்தவரிடம் 1 கோடி யென்னுக்கு மேலும் தம்பதிகளிடம் 2 கோடி யென்னுக்கு மேலும் சேமிப்பு இருப்பின் அச்சலுகை இல்லை என்றனர். பின்னர் 2021ஆம் ஆண்டில் அவ்வரம்பையும் பெரிதும் குறைத்தனர். விடுதியில் இடமும் எளிதிற் கிடைத்திலது. 2014ஆம் ஆண்டு வெளியான கணக்கின்படி இடத்திற்குக் காத்திருந்தோர் சுமார் 5,20,000 பேர். அடுத்த ஆண்டிலேயே, தளர்ச்சி மூன்றாந் தரத்திற்குக் குறைந்தவரைச் சில விசேஷ காரணங்கள் இருந்தாலன்றிச் சேர்ப்பதில்லை என்று விதித்தனர்.

காத்திருக்க வீடும் இல்லாத வறியவர் எங்கே செல்வர்? 2009ஆம் ஆண்டு மார்ச்சில் கும்மா மாகாணம் ஷிபுக்காவா என்னும் ஊரில், சட்டப்படி பதிவு செய்யப்பெறாத முதியோர் இல்லமொன்று தீப்பற்றி எரிந்தது. பத்து முதியோர் மாண்டனர். அவ்வில்லத்தில் இருந்தவருட் பலர், தொலைவிலுள்ள டோக்கியோ நகரத்துச் சுமிதா வட்டாரத்தில் ஜீவனோதவி பெற்று வந்தவர்கள். தலைநகரில் நிலத்தின் விலை மிகுதி, விடுதிகள் குறைவு. ஆகவே ஏழை முதியோர் ஊர் கடந்து மலையோரத்து வீட்டிற் சென்று தங்கலாயினர். இச்செய்தியைக் கேட்ட ஜனங்கள் பழைய மலைக்கதையை நினைந்திருப்பரென்பதில் ஐயமில்லை.

நடுவில் நிற்போர்

இங்கே நுட்பமாக உணரத்தக்கது ஒன்றுண்டு. ஜீவனோதவி பெறும் பரம ஏழைக்குப் பராமரிப்புச் சந்தாவும் உதவித்தொகையோடு சேர்த்துக் கணக்கிடப்படும். பத்திலொரு பங்கையும் சர்க்காரே செலுத்துவர். இதற்கெனப் 'பராமரிப்பு உதவி' என்று ஒரு புதிய பிரிவே 2000ஆம் ஆண்டில் ஜீவனோதவிச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. செல்வர்க்குக் கவலையில்லை. இவ்விருவர்க்கும் நடுவே, உதவி வரம்பிற்குச் சிறிதே மேலாக நிற்பவர்தாம் மிகவும் இடர்ப்படுகின்றனர். சிறு பென்ஷன் உண்டு, பழைய வீடொன்று உண்டு, அடக்கச் செலவிற்கென வைத்த சிறு பணம் உண்டு. இவை உளவாதலின் உதவி கிடையாது. இவற்றைக் கொண்டு வாழவும் இயலாது.

வரம்பிற்குக் கீழே வந்தபின்னும் பலர் விண்ணப்பிப்பதில்லை. காரணம் யாதெனில், விண்ணப்பித்தவுடன் அதிகாரிகள் அவருடைய மக்களுக்கும் உடன்பிறந்தோர்க்கும், 'இவரை நீங்கள் தாங்கமாட்டீர்களா?' என்று கடிதம் எழுதுவது வழக்கம். பல்லாண்டு பேசாதிருந்த மகனுக்குத் தன் வறுமையைச் சர்க்கார் கடிதம் தெரிவிப்பதைக் காட்டிலும் பட்டினி கிடப்பதே மேல் என எண்ணும் தாய்மார் உளர். 2021ஆம் ஆண்டில் இவ்விசாரணையைச் சிறிது தளர்த்தினர். ஜப்பானில் 65 வயது கடந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளார். ஜீவனோதவி பெறும் குடும்பங்களுள் பாதிக்கு மேற்பட்டவை முதியோர் குடும்பங்களே. தனித்து வாழும் விதவைகளும் மணமுறிந்த மாதரும் அவருள் மிகுந்துள்ளனர். அம்மாதர்தாம் முற்காலத்தில் மாமியாரைக் காக்கும்பொருட்டு வேலையை விட்டவர்கள், அதனால் பென்ஷன் குறைந்தவர்கள். பணிவிடை செய்த கையே முதுமையில் வெறுங்கையாயிற்று.

இவ்வறுமை அடுத்த தலைமுறைக்கும் தொடர்கின்றது. இன்ஷூரன்ஸ் இருந்தும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள உத்தியோகத்தை விடுவோர் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,00,000 பேர். ஐம்பது வயதில் வேலையை விட்டவர்க்கு மீண்டும் அத்தகைய வேலை கிடைப்பதரிது. மற்றொரு பக்கம், வீட்டுதவியாளராக ஊதியத்திற்கு உழைப்போர் சம்பளம் குறைவு. அவரிலும் வயது முதிர்ந்தவர் பலர். 2024ஆம் ஆண்டில் வீட்டுதவிக்கென நிலையங்களுக்குத் தரும் அடிப்படைத் தொகையையும் சர்க்கார் குறைத்தனர். இன்று பிறரைக் காக்கும் மாதர் நாளைக்குத் தம்மைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைக்க இயலாதெனில், வறுமை எவ்வாறு நீங்கும்?

பிற தேசங்களின் அநுபவம்

ஜெர்மனியிலும் இன்ஷூரன்ஸ் தருவது ஒரு பகுதியே. விடுதியில் உள்ளோர் தம் கையிலிருந்து கொடுக்கும் தொகை 2025ஆம் ஆண்டில் முதலாண்டுவாசிகளுக்குச் சராசரி மாதம் சுமார் 3,000 யூரோ ஆயிற்று. ஆகவே விடுதிவாசிகளுள் மூவரில் ஒருவர் அளவிற்கு மீண்டும் ஏழை உதவியை நாடுகின்றனர். ஆனால் 2020ஆம் ஆண்டு முதல், ஆண்டு வருமானம் 1,00,000 யூரோவுக்கு மேற்பட்ட மக்களிடம் மாத்திரமே அங்குள்ள சர்க்கார் பெற்றோர் செலவைக் கேட்கின்றனர். தென் கொரியாவில் 2008ஆம் ஆண்டு ஜூலையில் இத்தகைய இன்ஷூரன்ஸ் வந்தது. ஆயினும் பென்ஷன் திட்டம் 1988ஆம் ஆண்டிலேதான் தொடங்கியதாகலின், பழைய தலைமுறையினர் பலர்க்குப் பென்ஷன் இல்லை, இருப்பினும் சிறிது. அதனால் முதியோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் அங்கே வறியராயுள்ளனர். பணிவிடைக்கு ஏற்பாடு செய்தல் வேறு, சோற்றுக்கு ஏற்பாடு செய்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பராமரிப்பைத் தருமமாக அளிக்கின், பெறுவோர் நாணி ஒதுங்குவர். உரிமையாக அளிக்கின், தலைநிமிர்ந்து பெறுவர். இவ்வளவில் ஜப்பானியர் செய்தது பெருங்காரியம். இரண்டாவது, போதிய பென்ஷன் என்னும் அடித்தளம் இன்றி இவ்வின்ஷூரன்ஸ் என்னும் வீடு நிலைபெறாது. சந்தாவும் பங்குத்தொகையும் கொடுக்கச் சக்தியுள்ளவர்க்கே அது முழுப்பயன் தரும். மூன்றாவது, வீட்டில் உழைக்கும் மாதரின் உழைப்பைக் கணக்கிற் கொள்ளாத எந்தத் திட்டமும், ஒருவருடைய முதுமையைக் காத்து மற்றொருவருடைய முதுமையை வறுமையில் தள்ளும்.

பெற்றோரைக் காத்தல் மக்கள் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. சர்க்கார் உதவி வந்தால் அன்பு குறையும் என்று அஞ்சியோர் ஜப்பானிலும் இருந்தனர். நாம் கண்ட அளவில், அன்பைக் கொல்வது உதவியன்று. பல்லாண்டு உறக்கமின்மையும், கடனும், தனிமையுமே அன்பைக் கொல்வன. இதனைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் இல்லத்தில் ஒருநாள் அமர்ந்து, முதியோர் தளர்ந்தால் அருகிருப்பவர் யார், அவருக்கு ஓய்வு தருபவர் யார், அவருடைய பிற்காலத்திற்கு வைப்புத்தொகை யாது என்று மனம் விட்டுப் பேசிக்கொள்வாராக. அம்மலைவழியில் கிளை ஒடித்துப் போட்ட தாய் தன் கதியை எண்ணவில்லை, மகன் வீடு திரும்பும் வழியையே எண்ணினாள். அவளுக்கும் வீடு திரும்பும் வழியை அமைத்துக்கொடுத்தல் மகனுக்கும், அவன் வாழும் சமுதாயத்திற்கும் கடனாகும்.